காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே

பெற்றோல் எஞ்சின் பூட்டிய வண்டியை ஓட்டுகிறவர் தமது வலக் காலால் மிதியை அழுத்தும்போது, தாம் பெற்றோலையே அதிகமாகச் செலுத்துவதாக எண்ணிக்கொள்கிறார். உண்மை அதுவன்று. அவர் திறப்பது ஒரு வளிக் கதவு. எஞ்சினுக்குள் எவ்வளவு வளி புகுகின்றதோ அதற்கேற்ற பெற்றோல் பின்னரே சேர்க்கப்படுகின்றது. நிறையளவிற் பார்த்தால் பெற்றோல் ஒரு பங்குக்கு வளி ஏறத்தாழ 14.7 பங்கு. இந்த வளிக் கதவுக்கே ‘திரொட்டில்’ என்று பெயர். ஒரு குழாயின் குறுக்கே, நடுவில் அச்சுத் தண்டு கோத்த வட்டத் தகடு, அவ்வளவுதான். தகடு திரும்பினால் வழி திறக்கும், மீண்டால் அடைபடும்.

முன்னாளில் மிதியையும் இத்தகட்டையும் இணைத்தது ஓர் உருக்குக் கம்பி. 1990ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வராதிருந்த காலத்தில், சிறிது பெற்றோலிற் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அந்த விந்தை இயன்றதற்கு ஒரு காரணம், அவ்வண்டிகளில் மனிதன் கண்ணுக்கும் கைக்கும் மறைவான உறுப்பு எதுவும் இல்லாமையே. கம்பி இறுகினால் எண்ணெய் விட்டார்கள். அறுந்தால் வேறு கம்பி கோத்தார்கள். நோய் எதுவென்று கண்டுபிடிப்பதற்கு ஒரு குறடும் பொறுமையும் போதுமாயிருந்தன.

இன்று அந்தக் கம்பி இல்லை. 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பி. எம். டபிள்யூ. நிறுவனம் தனது பெரிய கார்களில் மின்னியல் திரொட்டிலைப் பொருத்தியது. அமெரிக்காவின் புகழ்பெற்ற விரைவுக் காரான செவ்ரோலே கொர்வெட் 1997இல் அவ்வழியைப் பின்பற்றியது. இன்று நம் வீதிகளில் ஓடும் யப்பானியக் கார்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையினவே. மிதி இப்போது எஞ்சினைத் தொடுவதில்லை. அது கணினிக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புகிறது. கணினி அவ்விண்ணப்பத்தைப் பார்த்து, சில்லு வழுக்குகின்றதா, கியர் மாறுகின்றதா, எஞ்சின் சூடேறிவிட்டதா என்பவற்றையும் ஆராய்ந்து, பின்னர் ஒரு சிறு மோட்டாருக்குக் கட்டளையிடுகிறது. மோட்டார் பற்சில்லுகளின் வழியாகத் தகட்டைத் திருப்புகிறது.

இவ்வமைப்பிற் பழுது நேர்ந்தால் அதனை எவ்வாறு துருவிக் காண்பது என்பதே இவ்வாரத்து விடயம். தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். ஏனையோருக்கு, உயர்தர வகுப்பிற் படித்த ஓமின் விதி ஏட்டிலே உறங்குவதற்காகப் படிப்பிக்கப்பட்டதன்று என்பது விளங்கினாற் போதும்.

முதலில் உறுப்புகளை அறிந்துகொள்வோம். தகட்டின் அச்சில் அதன் கோணத்தை அளக்கும் உணரிகள் இரண்டு உண்டு. மிதியிலும் அவ்வாறே குறைந்தது இரண்டு. ஒன்று போதாதோ என்று கேட்கலாம். ஒரே ஒரு சாட்சி பொய் சொன்னால் நீதவானுக்கு அது பொய்யென்று தெரிய வழியில்லை. இரு சாட்சிகள் முரண்பட்டால் ஏதோ பிழை என்பதாவது தெரியும். இரண்டும் ஒரே வகையிற் பிழைக்காதிருப்பதற்காக, பல வண்டிகளில் ஓர் உணரியின் வோல்ற்றளவு தகடு திறக்கத் திறக்க ஏறும்படியும், மற்றதன் வோல்ற்றளவு இறங்கும்படியும் அமைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவாக 5 வோல்ற்று வழங்கப்படுவதால், எந்தக் கோணத்திலும் இரண்டின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 5 ஆகவே இருக்கும். இரண்டும் ஒருங்கே வெவ்வேறு சாய்வுடன் ஏறும் அமைப்பும் உண்டு. ஆகையால் அவ்வவ் வண்டியின் கைநூலைப் பாராமல் முடிவு கட்டக் கூடாது.

இன்னொரு விசேடம், விற்சுருள். மின்சாரம் இல்லாதபோது தகடு முற்றாக மூடிக்கொள்வதில்லை. சற்றே திறந்த ஒரு நிலையில் நிற்கும்படி விற்சுருள் அதனை வைத்திருக்கிறது. மோட்டார் செயலிழந்தாலும் வண்டி ஊர்ந்தாவது வீதியோரத்தை அடையவேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இனி ஒரு வண்டியை மனத்தில் அமைத்துக்கொள்வோம். 2008ஆம் ஆண்டுக் கொர்வெட், அதில் 6.2 லீற்றர் கொள்ளளவுள்ள எல்.எஸ். 3 எஞ்சின். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 430 குதிரை வலு உடையது. அமெரிக்காவில் இத்தகைய வண்டியை வாங்குவோர் பலருக்கு அவ்வலு போதுவதில்லை. ஆகவே உரிமையாளர் 90 மில்லிமீற்றர் திரொட்டிலைக் கழற்றி 102 மில்லிமீற்றர் திரொட்டிலைப் பூட்டுகிறார். வளியை அமுக்கி ஊட்டும் சுப்பர்சாஜர் ஒன்றைச் சேர்க்கிறார். அதன் அமுக்கத்தைக் காட்ட ஒரு மானியையும் ஓட்டுநருக்கு எதிரே பதிக்கிறார். சில கிழமைகள் எல்லாம் நன்று. பின்னர் ஒருநாள், நெடுஞ்சாலையில் லொறியொன்றை முந்தும் தறுவாயில், ‘எஞ்சின் வலு குறைக்கப்பட்டது’ என்ற செய்தி பலகையில் ஒளிர்கின்றது. மிதியை அழுத்தினாலும் வண்டி ஏறமாட்டேன் என்கிறது. பின்னால் வாகனங்கள் வருகின்றன.

கராஜில் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. கணினியைப் படிக்கும் கருவியைப் பூட்டுவார்கள்; பி 2135 என்ற குறியீடு வரும்; திரொட்டில் உணரிகள் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பது அதன் பொருள். ‘திரொட்டில் பழுது, மாற்ற வேண்டும்’ என்பார்கள். புதியது பூட்டப்படும். இரண்டு நாளில் அதே செய்தி மீண்டும் ஒளிரும். பணம் போயிற்று, நோய் இருக்கின்றது. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய காட்சியன்று என்பதை நம்மூரிற் கார் வைத்திருப்போர் அறிவர்.

குறியீடு என்பது தீர்ப்பன்று, முறைப்பாடு. இரு சாட்சிகள் முரண்படுகிறார்கள் என்று மட்டுமே அது கூறுகிறது. யார் பொய்யர் என்று கூறவில்லை. இருவரும் மெய்யராயிருந்து, அவர்கள் சொல்லைக் கொண்டுவரும் தூதன் பிழைத்திருக்கவும் கூடும். முதலிற் பார்க்க வேண்டியது எந்தக் குறியீடு என்பதை. பி 2138 என்றால் முரண்பாடு மிதியின் உணரிகளில். திரொட்டிலைத் தொடவே வேண்டியதில்லை. பி 2101 என்றால் மோட்டாருக்கு இட்ட கட்டளைக்கும் தகட்டின் செயலுக்கும் இடையே சிக்கல். குறியீடு பதிவான கணத்தில் வண்டியின் வேகம், எஞ்சினின் சுழற்சி, வெப்பநிலை முதலியவற்றையும் கணினி குறித்து வைக்கும். அதனை அழித்துவிட்டு ஆராயத் தொடங்குவது, களவு நடந்த வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுப் பொலிசாரை அழைப்பதற்கு ஒப்பானது.

அடுத்து, கணினி விரும்பிய கோணம், தகடு அடைந்த கோணம் இரண்டையும் ஒருங்கே பதிவுசெய்து பார்க்கவேண்டும். ‘மிதியை முழுவதும் அழுத்துகிறேன், தகடு பாதிதான் திறக்கிறது’ என்று முறையிடுவோர் பலர். கணினியே பாதிதான் கேட்டிருந்தால் திரொட்டில் நிரபராதி. சில்லு வழுக்குவதைத் தடுக்கவோ, கியர்ப் பெட்டியைக் காக்கவோ கணினி வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கலாம். கணினி முழுத் திறப்பைக் கேட்டும் தகடு பாதியில் நின்றாலன்றோ மோட்டாரையும் பற்சில்லையும் சந்தேகிக்க வேண்டும்! இந்த ஒரு பதிவு பல நாட் குழப்பத்தைத் தீர்த்துவைக்கும்.

நமது வண்டியில் விரும்பிய கோணமும் அடைந்த கோணமும் பகலில் ஒத்தே போகின்றன. கராஜில் எத்தனை முறை சோதித்தாலும் பழுது தோன்றுவதில்லை. ஆனால் உரிமையாளரிடம் விசாரித்தால் ஒரு செய்தி கிடைக்கின்றது: பழுது வந்த நேரங்கள் எல்லாம் பொழுது பட்ட பின்னரே. கெட்டிக்கார மெக்கானிக் இங்கேதான் சாவியை வைத்துவிட்டு யோசிப்பான்.

இரவில் மட்டும் மாறுவது எது? குளிர் என்பார் சிலர். விளக்குகள் என்பதே சிறந்த விடை. ஆகவே விளக்குகளைப் போட்டுவிட்டு இரு உணரிகளின் வோல்ற்றளவையும் படிக்கிறார்கள். விளக்கு அணைந்திருக்கும்போது 1.00, 4.00, கூட்டினால் 5. விளக்கு எரியும்போது 1.48, 4.12, கூட்டினால் 5.6. தகட்டை மெல்லத் திறந்துகொண்டே போனாலும் கூட்டுத்தொகை 5.6 ஆகவே நிற்கின்றது.

மாணவர்கள் இவ்விடத்திற் சற்றுத் தரித்துச் சிந்திக்கவேண்டும். ஓர் உணரி மட்டும் தேய்ந்திருந்தால், தேய்ந்த அந்தக் கோணத்தில் மட்டுமே கூட்டுத்தொகை துள்ளும். ஏனைய கோணங்களில் 5 ஆகவே இருக்கும். இணைப்பியில் ஊசி தளர்ந்திருந்தால், கம்பியை அசைக்கும்போது துள்ளும். எல்லாக் கோணத்திலும் ஒரே அளவாகக் கூடியிருப்பதென்றால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று பிழைத்திருக்கிறது. பொதுவானவை இரண்டே: 5 வோல்ற்றைக் கொண்டுவரும் கம்பியும், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பியும். முன்னதில் இழப்பு நேர்ந்தால் கூட்டுத்தொகை 5க்குக் குறையும். இங்கே கூடியிருக்கின்றது. ஆகவே குற்றம் திரும்பு கம்பியில். பூச்சியமாக இருக்கவேண்டிய அதன் உணரிப் பக்கத்து முனை 0.6 வோல்ற்றுக்கு உயர்ந்துவிட்டது. அளவுகோலின் அடிப்பகுதியையே யாரோ தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். 0.6க்கும் 5க்கும் இடையே எஞ்சியிருப்பது 4.4. தகடு ஐந்தில் ஒரு பங்கு திறந்திருக்கும்போது முதலாம் உணரி 0.6உடன் 0.88ஐக் கூட்டி 1.48 என்கிறது, மற்றது 0.6உடன் 3.52ஐக் கூட்டி 4.12 என்கிறது. கணினி தனது 5 வோல்ற்று அளவுகோலால் இவற்றைப் படித்து, திறப்பு நூற்றுக்கு 29.6 என்று ஒருவரிடமும் 17.6 என்று மற்றவரிடமும் கேட்கிறது. இருவரும் நேர்மையானவர்கள். உண்மை விடையோ 20.

திரும்பு கம்பியைத் தொடர்ந்து சென்றால், புதிதாகப் பதித்த அமுக்கமானியின் ‘ஏர்த்’ வயர் அதிலே முறுக்கிச் சேர்க்கப்பட்டிருப்பது தெரியவருகின்றது. பூட்டியவருக்கு எட்டிய கம்பி அது. கறுப்பு நிறம் ஒன்றே போதும் என்று எண்ணியிருக்கிறார் போலும். மானியின் விளக்கு 0.2 அம்பியர் இழுக்கின்றது என்றும், முறுக்கிச் சேர்த்த மூட்டின் தடை 3 ஓம் என்றும் கொண்டால், ஓமின் விதிப்படி 0.6 வோல்ற்று. கணக்குத் தீர்ந்தது. புதிய திரொட்டில் ஏன் பயன் தரவில்லை என்பதும் கூடவே விளங்கிற்று.

இவ்வாறு மாற்றியமைத்த வண்டிகளில் மின்னியற் பழுதின் தாய்வீடு உறுப்புகள் அல்ல. பின்னர் கைவைத்த கம்பிகளே. பாரத்தைச் சமன்செய்வதற்காகப் பற்றறியைப் பின்பெட்டிக்கு மாற்றுவார்கள், கம்பி நீளும். எஞ்சினைக் கிளப்பும்போது 200 அம்பியர் ஓடுகின்றது என்று வைத்துக்கொண்டால், 0.005 ஓம் தடையுள்ள ஒரு தளர்ந்த மூட்டு ஒரு முழு வோல்ற்றை விழுங்கிவிடும். சாதாரண மல்ரிமீற்றரின் ஓம் பகுதியால் இத்தனை சிறிய தடையை அளந்தால் ‘நல்லது’ என்றே காட்டும். எனவே மின்னோட்டம் ஓடும்போதே மூட்டின் இரு புறமும் வோல்ற்றளவை அளப்பதே முறை. புகைபோக்கிக் குழாயைப் பெரிதாக்கினால் அதன் வெப்பம் அருகே செல்லும் கம்பிகளின் உறையை உருக்கும். அதனையும் கண்ணால் தேடிப் பார்க்கவேண்டும்.

தகட்டின் பொறிமுறைப் பக்கத்தை விரைவாகக் கூறிவிடலாம். வளிக் குழாயைக் கழற்றி, சாவியை எடுத்து, இணைப்பியையும் பிடுங்கிய பின்னரே தகட்டை விரலால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது விரலை நுழைப்பது அபாயம். மோட்டார் விரலென்றும் தகடென்றும் பேதம் அறியாது. இரு திசையிலும் தடையின்றி அசைந்து, விட்டவுடன் தன் ஓய்வு நிலைக்குத் திரும்பினால் நன்று. விளிம்பிற் கரியும் எண்ணெயும் படிந்திருந்தால் அதற்குரிய திரவத்தால் துணியில் நனைத்துத் துடைக்கலாம். துடைத்தபின் சில வண்டிகளில் எஞ்சின் வெற்றோட்டத்தில் துள்ளும். படிவோடு பழகிய கணினி, படிவு போனதை அறியாமையே காரணம். கைநூல் கூறும் முறைப்படி மறுபடி கற்பிக்க வேண்டும். சுப்பர்சாஜரின் அமுக்கம் தகட்டின் மேல் அழுத்தும் அமைப்பாயின், அச்சின் இரு புறமும் விசை சமமாதலால் தகடு தானாகத் திரும்பிவிடாது. ஆனால் அச்சுத் தாங்கிகளில் உராய்வு கூடும், மோட்டார் அதிகம் உழைக்கும். மிதியை விட்டவுடன் அவ்வமுக்கத்தை வெளியேற்றும் வால்வு சரியாக இயங்குகின்றதா என்று பார்ப்பது இதனாலேயே அவசியமாகின்றது.

கம்பியைத் திருத்திய பின்னரும் நமது கொர்வெட் ஒருமுறை முரண்டு பிடிக்கின்றது. இம்முறை குறியீடு பி 0068. இது வேறு கதை. தகட்டின் கோணத்தைக் கொண்டு ‘இவ்வளவு வளி போகவேண்டும்’ என்று கணினி ஒரு கணக்குப் போடுகிறது. வளியை அளக்கும் உணரிகள் சொல்வதோடு அதனை ஒப்பிடுகிறது. 90இன் வர்க்கம் 8100. 102இன் வர்க்கம் 10404. ஆகவே அதே கோணத்திற் புதிய வாயிலின் பரப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 28 பங்கு அதிகம். கணினியின் ஏட்டில் இன்னமும் பழைய வாயிலே எழுதப்பட்டிருக்கின்றது. எதிர்பாராத வளி வருவதைக் கண்டு அது அஞ்சுகிறது. அஞ்சுவதே அதன் கடமை. (வாயில் 28 பங்கு பெருத்தால் வலுவும் அவ்வளவு பெருகும் என்று நம்புவோர் உளர். முழுத் திறப்பில் வளியின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எஞ்சினே. அங்கு கிடைக்கும் இலாபம் மிகச் சிறியது.) இதற்குப் பரிகாரம் புதிய வாயிலின் பரப்பை அளந்து கணினியின் அட்டவணையைத் திருத்துவதே. அது நாட்கணக்கான வேலை.

சுருக்கு வழி ஒன்றும் இருக்கின்றது. கணினியின் நிரலைத் திறந்து, அந்தச் சோதனையையே நிறுத்திவிடலாம். சில நிமிட வேலை. எச்சரிக்கை ஒளிராது, வண்டி சீறும், வாடிக்கையாளர் மகிழ்வார். இதனைச் செய்து கொடுப்போர் உலகெங்கும் உளர். இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

ஏன் என்பதற்கு அந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்பதை நோக்கவேண்டும். ஜெர்மானியக் கார் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி வகுத்த மின்னியல் திரொட்டில் முறையில் மூன்று அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கு எஞ்சினை இயக்குகிறது. இரண்டாம் அடுக்கு முதலாவதன் கணக்கைத் தனியாகச் சரிபார்க்கிறது. மூன்றாவது, கணினிச் சில்லு தானே புத்தி தெளிவாக இருக்கின்றதா என்று வினா விடுத்துச் சோதிக்கிறது. மற்றைய உற்பத்தியாளரும் இதையொத்த காவல்களை வைத்திருக்கிறார்கள். கம்பி இருந்த நாளில் மனிதனின் காலே காவலாயிருந்தது. கம்பியை எடுத்தபோது அந்தக் காவலின் இடத்தில் இவற்றை நிறுத்தினார்கள்.

காவல்கள் உள்ள வண்டிகள் மீதே எவ்வளவு ஐயம் எழுந்தது என்பதை ரொயோட்டா விவகாரம் காட்டியது. 2009 ஓகஸ்ட் மாதத்தில் கலிபோர்னியாவில், மிதி பொருந்தாத கால்விரிப்பிற் சிக்கிக்கொண்ட ஒரு லெக்சஸ் வண்டி நிற்காமல் ஓடி நால்வர் உயிரிழந்தனர். வேறு பல முறைப்பாடுகளும் குவியவே, அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் பொறியியலாளர்களையே அழைத்து மின்னியற் பகுதியை ஆராயச் செய்தது. 2011 பெப்ரவரியில் வெளியான முடிவின்படி, அவ்விதப் பெரும் வேகமெடுப்புக்கு மின்னியற் குறை காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஒட்டிக்கொள்ளும் மிதியும் கால்விரிப்புமே கண்டறியப்பட்ட காரணங்கள். ஆயினும் அவ்வாராய்ச்சியிற் பழுதான ஒரு மிதி உணரியினுள்ளே, வெள்ளீயத்திலிருந்து தானாக வளர்ந்த மயிரிழை போன்ற உலோக இழைகள் காணப்பட்டன. 2013இல் ஒக்லஹோமா மாநிலத்து யூரிமார், வேறொரு விபத்து வழக்கில், மென்பொருள் நிபுணர்களின் சாட்சியத்தைக் கேட்டு அந்நிறுவனத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள். வல்லுநர்களே ஒருமுகமாக முடிவு சொல்ல இயலாத இடத்தில், ஒரு கராஜின் மூலையிலிருந்து காவலை நீக்குவதற்கு என்ன துணிவு வேண்டும்!

தொழில் பழகும் மாணவர் ஒருவருக்கு இந்த இக்கட்டு என்றோ ஒருநாள் வரும். எதிரே பணத்தோடு நிற்பவர் ‘அந்த விளக்கு எரியாமற் செய்தால் போதும், தம்பி’ என்பார். முதலாளியும் தலையசைப்பார். அப்பொழுது அட்டவணையைத் திருத்த நாட்கள் வேண்டும் என்று கூறி, ஏன் என்பதையும் இரண்டு வர்க்கங்களை எழுதிக் காட்டி விளக்கலாம். கேட்பவர் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார். விளங்கிக்கொள்ளாவிட்டால் அந்த வண்டி வேறு கராஜுக்குப் போகட்டும்.

நமது கொர்வெட்டின் உரிமையாளர் விளங்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். மானியின் ஏர்த் வயர் உடலிரும்பில் தனி இடத்திற் பூட்டப்பட்டது. உணரியின் திரும்பு கம்பி வெட்டி ஒழுங்காகப் பற்றவைக்கப்பட்டது. அட்டவணை சிறு திறப்பிலிருந்து படிப்படியாக அளந்து எழுதப்பட்டது. கழற்றி எறிந்த முதல் 102 மில்லிமீற்றர் திரொட்டிலைத் தூசி தட்டிப் பூட்டினார்கள். பொழுது பட்டபின், விளக்குகளைப் போட்டுக்கொண்டு சோதனை ஓட்டத்துக்குப் புறப்பட்டார்கள். கூட்டுத்தொகை 5.0.